பிழை அன்று

ஜனவரி 20, திங்கள்

இன்று ஒரு ராஜாவை ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். மதியச் சாப்பாடு வரை அதுதான் வேலை. "வீரனே, இந்த உலகமே உன்னை நம்பியிருக்கிறது" என்கிறார். சொல்லிவிட்டு ஒரு மரக்கட்டையும் கொஞ்சம் சில்லறையும் தருகிறார். அவருக்குப் பின்னால் சுவர் நிறைய வாள் மாட்டியிருக்கிறது. அதில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தால் என்ன என்று கேட்க நாயகனுக்கு வாய் இல்லை. எனக்கும் அப்படித்தான் என்பதால் நானும் பேசாமல் அடுத்த பொத்தானைத் தொட்டேன்.

விளையாட்டின் பெயர் 'வெண்கல நிலவு'. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஜப்பானில், டி.வி.யில் மாட்டி விளையாடும் பெட்டிக்காகச் செய்தார்களாம். இப்போது அதையே போனுக்குக் கொண்டுவருகிறார்கள். இந்த முறை தமிழிலும் வருகிறது. அந்தத் தமிழை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை விளையாடிப் பார்த்து, தப்பு கண்ணில் பட்டால் கம்ப்யூட்டரில் 'டிக்கெட்' என்று ஒரு புகார்ச் சீட்டு எழுதிப் போட வேண்டும். பார்த்து முடித்தவர் அதை மூடுவார், நமக்குச் சம்மதமில்லை என்றால் மறுபடி திறக்கலாம். கோயம்புத்தூர் பீளமேட்டில், ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியில் உட்கார்ந்து இதைச் செய்கிறோம்.

என் பேச்சைக் கேட்டு என்னை எடுத்திருக்க முடியாது. இன்டர்வியூவில் நான் பேசவே இல்லை. கொடுத்த தாளில் பிழைகளை வட்டம் போடச் சொன்னார்கள். தாளின் தலைப்பிலேயே ஒரு ஒற்று குறைந்தது. அதையும் வட்டம் போட்டுவிட்டுப் பயந்துகொண்டே வெளியே வந்தேன்.

"படிச்சது கணக்கு, பாக்கப் போறது விளையாட்டா?" என்று அப்பா ஒரே ஒரு தடவை கேட்டார். அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் பொதுவாகவே பேசாதவர் என்பதால், பேசாமல் இருக்கிறாரா, கோபமாக இருக்கிறாரா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

நேற்று சாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு இரண்டு பேரும் வந்தார்கள். பஸ் நகர்ந்த பிறகும் நான் படியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா "போயிட்டு வா தாயி" என்றாள். அப்பா "போ" என்றார். கையைக்கூட வீசிக் காட்டினார், கோழியை விரட்டுகிற மாதிரி.

எங்கள் பக்கம் யாரையும் வெறும் 'போ' சொல்லி அனுப்ப மாட்டார்கள். சண்டை போட்டுவிட்டுப் போகிற சம்பந்திக்குக்கூட 'போயிட்டு வாங்க' உண்டு. சாவு வீட்டில்தான் சொல்லாமல் கிளம்புவோம்.

அதற்காக ஒன்றுமில்லை. நடந்ததை எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

ஜனவரி 23

அடையாள அட்டை வந்தது. தங்கமாரி என்ற பெயருக்கு அட்டையில் இடம் போதவில்லை. 'தங்கமா' என்று அச்சாகியிருக்கிறது.

"தங்கமா? பித்தளையா?" என்றார் பக்கத்து சீட் கிளாட்வின் அண்ணன். தூத்துக்குடிக்காரர், எனக்குப் பதினைந்து வயதுக்கு மேல் மூத்தவர், எங்கள் குழுவில் பழைய விளையாட்டு எல்லாம் தெரிந்த ஒரே ஆள்.

நான் சிரித்தேன். பதில் மதியம் மூன்று மணிக்குத்தான் தோன்றியது. அதற்குள் அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

திரும்பி வந்து என் போனை எட்டிப் பார்த்தார். நாயகன் ஒரு கிழவிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். அவனிடம் என்ன கேட்டாலும் பதில் இரண்டே பொத்தான்தான்.

"ஏ மாரி, உனக்கும் இந்த ஹீரோவுக்கும் ஒரே ஆளுதான் வசனம் எழுதிருக்கான் போல. ரெண்டு பேருக்கும் 'ஆம்', 'இல்லை'ன்னு எழுதிட்டு வீட்டுக்குப் போயிட்டான்."

"இல்லை" என்றேன்.

"பாத்தியா!"

அன்றிலிருந்து என் பெயர் ஹீரோ.

ஜனவரி 28

இந்த நாயகன் வளர்ந்த விதம் சரியில்லை. ஊரில் எல்லா வீடும் திறந்து கிடக்கிறது. செருப்போடு உள்ளே போகிறான். மூலையில் இருக்கும் பானையைத் தூக்கிப் போட்டு உடைக்கிறான், உள்ளே இருக்கும் காசை எடுத்துக்கொள்கிறான். வீட்டுக்கார அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டு "இன்று நல்ல வெயில்" என்கிறாள்.

வசனம் இடம் மாறி வந்திருக்கும் என்று நினைத்து டிக்கெட் போட்டேன். 'வீட்டுக்காரர் திட்டுவதுபோல் ஏதாவது வர வேண்டும்' என்று எழுதினேன். ஒரு மணி நேரத்தில் டிக்கெட் மூடப்பட்டு வந்தது. அடியில் இரண்டே சொல்.

'பிழை அன்று.'

அன்று என்றால் என்று? நான் சேருவதற்கு முன்னால் இருந்த பிழையா? ஹாஸ்டலுக்கு வந்து பூங்கோதையிடம் காட்டினேன். பூங்கோதை என் அறைத்தோழி, கோபிசெட்டிபாளையம், கண்ணாடிக் கடையில் வேலை. என்னைவிடச் சின்னவள்தான், ஆனாலும் 'வாங்க போங்க' தவிர வராது.

"அன்னைக்குப் பிழை, இன்னைக்குச் சரியாப் போச்சுன்னு சொல்றாருங்களாட்ட இருக்குதுங்க" என்றாள். அது நியாயமாகப் பட்டது.

ஜனவரி 29

அது அப்படி இல்லையாம். சந்தானகிருஷ்ணன் சார் நேரிலேயே வந்து சொன்னார். அவர்தான் மொழிபெயர்ப்புக்குத் தலைவர். இங்கிலீஷ் பிரதியை வைத்துத் தமிழாக்கியவரும் அவர்தான். "பிழை அல்ல என்றால் பன்மை ஆகிவிடும், அம்மா. பிழை ஒன்றுதானே? ஆகவே, பிழை அன்று."

"சரி சார்."

"அதோடு, பானை உடைப்பது இவ்வகை விளையாட்டில் மரபு."

சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதும் இப்படித்தான் பேசுகிறார். "இன்று கத்தரிக்காய் அன்று, முருங்கைக்காய்" என்றாராம். கிளாட்வின் அண்ணன் சத்தியம் செய்கிறார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

துணி துவைத்தேன். பூங்கோதையின் நீலத் துப்பட்டா சாயம் விட்டு என் வெள்ளைச் சுடிதார் வானம் மாதிரி ஆகிவிட்டது. ஒரு மணி நேரம் மன்னிப்புக் கேட்டாள். "திட்டுங்க, ஒரு வார்த்தை திட்டுங்க, எனக்குச் சோறு இறங்காது" என்றாள். எனக்குத் திட்ட வராது. சோறு இறங்கியது.

வீட்டுக்குப் போன் பண்ணினேன். அம்மா பேசினாள். அப்பா கடைக்குப் போயிருக்காக என்றாள். அப்பா ஒரு சேவுக் கடையில் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் அங்கே அடுப்பு கிடையாது. பின்னால் டி.வி. சத்தம் கேட்டது, கபடி. அம்மா கபடி பார்க்க மாட்டாள்.

பிப்ரவரி 6

பஸ் பார்சலில் காராச்சேவு வந்தது. அம்மா அனுப்பியிருக்கிறாள். பூண்டுச் சேவு இரண்டு பொட்டலம், மிளகுச் சேவு ஒன்று. மேலே சணல் கயிறு, சுருக்குப் போட்டு, ஒரு முனையை இழுத்தால் முழுவதும் அவிழ்கிற மாதிரி. கடையில் கட்டுவது அப்படித்தான். அம்மாவுக்குக் கயிறு கட்டத் தெரியாது, எல்லாவற்றுக்கும் மூன்று முடிச்சுப் போடுவாள்.

ஆபீஸில் கிளாட்வின் அண்ணன் ஒரு பொட்டலத்தை அவரே முடித்தார்.

பிப்ரவரி 12

மூன்றாவது அத்தியாயம். நாயகன் கடல் தாண்டிப் போக வேண்டும், அதற்கு முன் சொந்த ஊருக்கு வருகிறான். வீட்டுக்குள் அம்மா இருக்கிறாள். "பத்திரமாகப் போய் வா" என்கிறாள். சரி.

வெளியே வந்தால் ஊர் வாசலில் அப்பா. கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். எட்டுக் கட்டம் அகலத்தில் மீசை வைத்திருக்கிறார். பக்கத்தில் போய்ப் பொத்தானைத் தொட்டால் சின்னதாக ஒரு பெட்டி திறக்கிறது.

'போ.'

பெட்டி மூடிவிட்டது. திரும்பத் தொட்டேன். 'போ.' இந்த விளையாட்டில் யாரும் சொன்னதையேதான் சொல்வார்கள், அது எனக்குத் தெரியும். ஆனாலும் இன்னும் சில தடவை தொட்டேன்.

டிக்கெட் எண் 212. 'ஊர்விட்டுக் கிளம்பும் மகனிடம் தகப்பன் இப்படிச் சொல்ல மாட்டார்.'

பிப்ரவரி 13

212 மூடப்பட்டது. 'ஆங்கிலப் பிரதியில் கோ (Go) என்றே உள்ளது. பிழை அன்று.'

மறுபடி திறந்தேன். 'இங்கிலீஷ்காரர்கள் அப்படிச் சொல்லலாம். நாம் சொல்வதில்லை' என்று எழுதினேன். எழுதியது நான்தானா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டேன். எழுதும்போது எனக்கு வாய் இருக்கிறது.

பிப்ரவரி 14

மூடப்பட்டது. 'கடுமையான தகப்பன். பாத்திரத்தின் இயல்பு.'

திறந்தேன். 'கடுமையான தகப்பனும் சொல்ல மாட்டார்.'

மாலையில் மூடப்பட்டது. 'அவ்வாறு சொல்லும் தகப்பன்மார் உளர்.'

டிக்கெட்டை மூடியபடியே விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

தலைக்குக் குளித்தேன். இந்தப் புதுப் பதிப்பில் ஒரு வசதி உண்டு: ஒரு பொத்தானை அமுக்கினால் எல்லாம் மூன்று மடங்கு வேகத்தில் ஓடும். ஊர் வாசலில் அப்படி ஓட்டிப் பார்த்தேன். அப்பா பெட்டியைத் திறப்பதும் மூடுவதும் தெரியக்கூட இல்லை. நல்ல வசதி.

பிப்ரவரி 18

சண்டையைப் பார்த்து ஆபீஸ் முழுக்கச் சிரிக்கிறார்கள் போலிருக்கிறது. நான்கு சீட் தள்ளி இருக்கிற சாரும் நானும் நேரில் "குட் மார்னிங் சார்", "வணக்கம் அம்மா" என்று சொல்லிக்கொண்டு, டிக்கெட்டில் அடித்துக்கொள்கிறோம். இன்று காலை மறுபடியும் திறந்துவிட்டேன்.

"ஹீரோ, என்ன உனக்கு அந்த மீசைக்காரர் மேல இவ்வளவு பாசம்?" என்றார் கிளாட்வின் அண்ணன். "எனக்கு அவரு அப்பான்னே போன மாசம்தான் தெரியும்."

அவர் சின்னப் பையனாக இருந்தபோது தூத்துக்குடியில் ஒரு கேம் சென்டரில் இதே விளையாட்டை விளையாடியவர். எங்கிருந்தோ வந்த ஜப்பான் கேசட். ஒரு எழுத்து தெரியாது. எந்த வரிசையில் எதை அமுக்கினால் என்ன நடக்கும் என்று விரலுக்கு மட்டும் தெரியும். கதையை அவரே கட்டிக்கொண்டார்.

"வாசல்ல நிக்கவரு வாட்ச்மேன். நம்மகிட்ட மாமூல் கேக்காரு. நாம குடுக்காம போறோம். அதான் கையைக் கட்டிட்டு முறைக்காரு."

"வீட்டுக்குள்ள இருக்கிற அம்மா?"

"சத்திரம் நடத்துற அக்கா. கூட வருதே நீல முடிப் பொண்ணு, அது ஹீரோவுக்குக் கட்டிக்கப் போற பொண்ணு. நானும் என் கூட்டாளி செந்திலும் அதுக்கு மீன் குழம்பெல்லாம் வச்சுக் குடுக்கிற மாதிரி கதை வச்சிருந்தோம். இப்ப தமிழ்ல பாத்தா தங்கச்சிங்கான்!" தலையில் கை வைத்துக்கொண்டார். "முப்பது வருசம் எதுக்குக் காத்திருந்தேன்னு இருக்கு. என் கதைதான் நல்லா இருந்துச்சு மாரி."

சேவு நீட்டினேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

அம்மா போன். ஏப்ரல் முதல் வாரம் தெருக் கோயிலில் பங்குனிப் பொங்கல். "வந்துருவேல்ல?"

"ரிலீஸ் இருக்கும்மா."

"அப்படின்னா?"

"வேலை."

"ஞாயித்துக்கிழமையுமா ராசாவுக்கு வேலை?" நான் ராஜாவை வைத்து வேலை செய்கிறேன் என்று அம்மாவுக்கு ஒரு மாதிரி பிடிபட்டிருக்கிறது.

"அப்பா என்ன சொல்றாக?"

"அவுக என்னைக்கு என்ன சொல்லிருக்காக."

போனை வைத்தேன். ரிலீஸ் மார்ச் கடைசியிலேயே முடிந்துவிடும். அம்மாவுக்கு அது தெரியாது.

பூங்கோதை கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏனுங்க மாரி, ஊருக்குப் போகப் பிடிக்கலீங்களா?"

பஸ் ஸ்டாண்டில் நடந்ததைச் சொன்னேன். யாரிடமும் சொன்னதில்லை. எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"வெறும் போன்னுங்களா? எங்கூர்ல தெருநாயைக்கூட அப்படிச் சொல்ல மாட்டோமுங்க. 'போ சாமி'ம்போம்."

இவளிடம் சொல்லியிருக்க வேண்டாம்.

மார்ச் 4

சேவு வந்தது. அதே கட்டு.

மார்ச் 6

இன்று ஒன்றைப் பார்த்தேன்.

கிளாட்வின் அண்ணனுக்குத் தமிழில் விளையாடினால் கை ஓட மாட்டேன் என்கிறதாம். மதியம் சாப்பிட்ட பிறகு செட்டிங்ஸில் ஜப்பானிய மொழிக்கு மாற்றிவிட்டு, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு விளையாடுவார். பழைய மாதிரியே கட்டம் கட்டமாகத் தெரியும்படி மாற்றிக்கொள்ளவும் ஒரு வசதி இருக்கிறது. புதுப் போனில் முப்பது வருஷத்துக்கு முந்தைய மங்கலைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று சார் சொல்லுவார்.

நான் சும்மா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாயகன் அம்மாவிடம் போனான், அப்புறம் ஊர் வாசலுக்கு வந்தான். மீசை அப்பா பெட்டியைத் திறந்தார். அதில் ஐந்து எழுத்து இருந்தது.

வெறும் 'போ'வுக்கு ஐந்து எழுத்து எதற்கு?

"அண்ணா, திரும்ப வீட்டுக்குள்ள போங்க."

"என்னது?" அவருக்கு ஆச்சரியம், நான் முழு வாக்கியம் பேசியதில்.

"அந்த அம்மாகிட்ட போங்க."

போனார். அம்மாவின் பெட்டி பெரியது, எழுத்தும் அதிகம். ஆனால் ஆரம்பம் எனக்குத் தெரிந்ததாக இருந்தது. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு கோடு. அப்புறம் சின்னதாக ஒரு வளைவு. அப்புறம் அருவாள் மாதிரி ஒன்று. அப்பாவின் பெட்டியிலும் முதல் மூன்று எழுத்து அதேதான். கைதுடைக்கும் தாளில் இரண்டையும் வரைந்து, ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தேன்.

அம்மாவின் வசனத்துக்குச் சார் போட்ட தமிழ்: 'பத்திரமாகப் போய் வா'.

இரண்டும் ஒரே மாதிரி தொடங்குகிறதென்றால், அப்பாவும் 'போய்' என்றுதானே தொடங்கியிருக்க வேண்டும்? 'போய்' என்று தொடங்கினால், அதோடு நிற்க முடியாதே.

"வாட்ச்மேன் மாமூல் கேக்கலன்னா வேற என்னமோ கேக்காரு" என்றார் கிளாட்வின் அண்ணன், தாளைப் பார்த்துக்கொண்டே.

ஹாஸ்டலில் அந்தத் தாளைப் பார்த்துப் பூங்கோதை கோலமா என்று கேட்டாள்.

மார்ச் 7

தாளைப் போட்டோ எடுத்து 212-இல் போட்டேன். சார் மூடவில்லை. பதிலும் எழுதவில்லை. ரொம்ப நேரம் அவர் முன்னால் அந்தப் படம் இருந்தது. கடைசியில் எழுந்து வந்தார்.

"எனக்கும் ஜப்பானிய மொழி தெரியாது, அம்மா. வியாழக்கிழமைதோறும் ஜப்பானியக் குழுவினரோடு பேசுகிறோம் அல்லவா, நீங்களே கேளுங்கள்."

"நீங்க கேளுங்க சார்."

"உங்கள் டிக்கெட்."

மார்ச் 8 முதல் 12 வரை

வியாழக்கிழமைக் கேள்விக்கு ஒத்திகை. பூங்கோதை ஜப்பான்காரராக நடித்தாள். ஒவ்வொரு முறையும் குனிந்து வணங்கி என்னைச் சிரிக்க வைத்தாள்.

மார்ச் 13, வியாழன்

வீடியோ கால். திரையில் அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் நாங்கள். வழக்கம்போலக் கடைசியில் "வேறு கேள்வி உண்டா?" என்று கேட்டார்கள். வழக்கமாக யாருக்கும் இருக்காது.

நான் கேட்டேன். முழுவதும் இங்கிலீஷில், திக்காமல், தாளைத் தூக்கிக் காட்டி, எந்தக் காட்சி, எந்தப் பெட்டி, ஏன் சந்தேகம் என்று எல்லாம் சொன்னேன். முடித்துவிட்டு நிமிர்ந்தால் எல்லாரும் என்னைக் கருணையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மைக்கு, ஹீரோ, மைக்கு" என்றார் கிளாட்வின் அண்ணன்.

என் வாழ்க்கையில் நான் பேசிய மிக நீளமான பேச்சை யாரும் கேட்கவில்லை. இரண்டாம் தடவை கேட்டபோது மிஞ்சியது இதுதான்: "அந்த அப்பா வெறும் போன்னுதான் சொல்றாரா?"

திரையில் நரைமுடி வைத்த ஒரு அம்மா சிரித்தார். அவர் அந்தக் காலத்திலிருந்து இருப்பவராம். இல்லை என்றார். அந்த அப்பா சொல்வது 'இத்தே கோய்'. அவர் முரட்டு மனிதர், அதனால் முரட்டுத்தனமாகச் சொல்கிறார், ஆனால் ஜப்பானில் எந்த வீட்டிலும் யார் வெளியே கிளம்பினாலும் சொல்வதுதான் என்றார். "இங்கிலீஷில் இதற்குச் சொல்லே இல்லை. அப்போது பெட்டியும் சின்னது. அதனால் 'கோ' என்று போட்டுவிட்டார்கள். உண்மையில் அவர் சொல்வது, 'போ, பிறகு வா'. இரண்டும் சேர்ந்து ஒரே பேச்சு. உங்கள் மொழியில் இப்படி ஏதாவது இருக்கிறதா?"

எல்லாரும் சாரைத் திரும்பிப் பார்த்தார்கள். கிளாட்வின் அண்ணன்கூட.

"இருக்கிறது" என்றார் சந்தானகிருஷ்ணன் சார். அவர் குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "அப்படியே இருக்கிறது."

மார்ச் 14

பெட்டி பிரச்சினை. 'போயிட்டு வா' அதற்குள் அடங்கவில்லை. 'போயிட்' வரை வந்து நின்றது. நான் என் அடையாள அட்டையை நினைத்துக்கொண்டேன். பெட்டியைப் பெரிதாக்கினால் மீசை மறையும் என்றார்கள் மேலே உள்ளவர்கள்.

சார் பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டே யோசித்தார். "போய் வா" என்றார். "அடங்கும். இலக்கணமும் சரி."

போட்டுப் பார்த்தோம். அடங்கியது. ஓரத்தில் ஒரு புள்ளிக்கு இடம்கூட மிஞ்சியது.

212 மூடப்பட்டது. 'திருத்தப்பட்டது.' அதற்குக் கீழே தனி வரியில், 'பிழையே.'

அதிலிருந்து சார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தான் கண்டுபிடித்த 'போய் வா'வைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும்.

மார்ச் 16, ஞாயிறு

விளையாட்டில் வரும் ஒரு அப்பா என்ன சொன்னார் என்பதற்கும் எங்கள் வீட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எட்டுக் கட்டம் மீசை வைத்த ஆள் அவர். என் அப்பாவுக்கு மீசையே கிடையாது.

மார்ச் 22

டிக்கெட் போட்டேன். இது பஸ் டிக்கெட். பூங்கோதைதான் போனைப் பிடுங்கி முடித்தாள். "பொங்கல் கொண்டு வாங்க" என்றாள்.

மார்ச் 28

'வெண்கல நிலவு' வெளியாகிவிட்டது. முதல் நாளே யாரோ விமர்சனம் எழுதியிருக்கிறார்: தமிழ் நன்றாக இருக்கிறது, பானையை உடைத்தால் வீட்டுக்காரர் திட்டாதது மட்டும் ஒரு மாதிரி இருக்கிறது. அதைப் படம் எடுத்து சாருக்கு அனுப்பலாமா என்று யோசித்தேன். அனுப்பிவிட்டேன். பதிலுக்குச் சிரிக்கிற முகம் வந்தது. அவரிடம் அது இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது.

ஏப்ரல் 5, சனி

சாத்தூர். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சேவு வாசனை. அப்பா கடையிலிருந்து நேராக பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நின்றிருந்தார். சட்டையில் கடலை மாவு. என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வீடு வரை "வெயில் சாஸ்தி" என்று ஒன்று சொன்னார். வேறு ஒன்றும் இல்லை. விளையாட்டில் பானை உடைபடும்போது வெயிலைப் பற்றிப் பேசும் வீட்டுக்கார அம்மா ஞாபகம் வந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் பொங்கல். அம்மா சேலை கட்டச் சொல்லி, கட்டியதைக் குறை சொல்லி, பிறகு தெரு முழுக்கக் காட்டினாள். "ஜப்பான் கம்பெனி" என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். ஜப்பானில் குளிரா என்று ஒரு சித்தி கேட்டாள். பீளமேட்டில் அவ்வளவாக இல்லை என்றேன்.

சாப்பிட்ட பிறகு அப்பா கையைத் துடைத்துக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்த விளையாட்டு எங்க?"

போனைக் கொடுத்தேன். எந்த இடத்தைக் கொடுப்பது என்று யோசிக்கவில்லை. நான் நிறுத்திச் சேமித்த ஆட்டம் அந்த மூன்றாவது அத்தியாயத்திலேயே இருந்தது, அவ்வளவுதான்.

நாயகனை மெதுவாக நடத்தினார். ஒரு வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"உள்ள போகணும்ப்பா. பானையை உடைச்சா காசு இருக்கும்."

"யாரு வீடு?"

"யாரோ."

"அப்ப எதுக்கு உடைக்கணும்?" என்று திரும்பி நடந்துவிட்டார். ஒரு பானையைக்கூடத் தொடவில்லை. இந்த விளையாட்டை இவ்வளவு ஏழையாக விளையாடிய நாயகன் உலகத்திலேயே இல்லை.

ஊர் வாசலுக்கு வந்தார். மீசை அப்பா பெட்டியைத் திறந்தார். 'போய் வா.' அப்பா போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, வாய்விட்டு வாசித்தார். அப்புறம் காத்திருந்தார். நாயகன் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டி மூடியது.

"இவன் ஒண்ணும் சொல்லலயே."

"அவனுக்கு வசனம் கிடையாதுப்பா. பேச மாட்டான்."

"வாரேன்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? அந்த மனுசன் வாசல்ல நிக்கான்." அப்பாவுக்கு நிஜமாகவே வருத்தமாகிவிட்டது. "எழுதிக் குடுக்கக் கூடாதா நீ?"

"ஒங்க மகளும் அன்னைக்கு ஒண்ணும் சொல்லத்தான் இல்ல. படியில நின்னு முழிச்சிட்டே போச்சு" என்றாள் அம்மா உள்ளே இருந்து.

அப்பா போனைத் திருப்பிக் கொடுத்தார். நான் அதை வாங்கிச் சார்ஜில் போட்டேன்.

ஏப்ரல் 7, திங்கள்

பஸ்ஸிலிருந்து எழுதுகிறேன். எழுத்து ஆடும்.

காலையில் மூவரும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். அம்மா தூக்குவாளியில் பொங்கலைப் பூங்கோதைக்காகக் கொடுத்தாள். அப்பா சேவுப் பொட்டலம் கொடுத்தார், சணல் கட்டு, ஒரு முனையை இழுத்தால் அவிழ்கிற மாதிரி. நான் முனையைத் தொட்டுப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏறி, பையை வைத்துவிட்டுப் படிக்குத் திரும்பி வந்தேன். சொல்ல வேண்டியதை இந்தத் தடவை சொல்லிவிட வேண்டும். கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் நகர்ந்தது. மைக் இல்லை, அதனால் கத்தினேன்.

"போயிட்டு வாரேன்ப்பா!"

பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா "போயிட்டு வா தாயி" என்றாள்.

அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது என் காலை. படியின் ஓரத்தில், பாதி வெளியே இருந்த என் செருப்பை. முகம் அப்படியே வெளுத்துப்போயிருந்தது.

"போ" என்றார். கையை வீசினார், கோழியை விரட்டுகிற மாதிரி. பஸ் கூடவே நாலு எட்டு ஓடி வந்தார். "போ! உள்ள போ! படியில நிக்காத, உள்ள போ!"

பின்பாதியை ஹாரன் சத்தம் பாதி விழுங்கிவிட்டது. ஜனவரியில் முழுவதையும் விழுங்கியிருக்கும்.

உள்ளே போனேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவர் நின்றுவிட்டிருந்தார். இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் கையை இறக்கினார்.

கோவில்பட்டியிலிருந்து வந்த பக்கத்து சீட்டு அம்மா "ஏம்மா அழுகிறே, ஊரை விட்டுப் போறியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன், சிரிப்புத்தான் என்றேன். நம்பவில்லை. சேவு கொடுத்தேன்.

ஒரு டிக்கெட் பாக்கி இருக்கிறது. ஜனவரியில் திறந்தது, எண் கிடையாது, யாரிடமும் கொடுக்கவில்லை. காட்சி: சாத்தூர் பஸ் ஸ்டாண்ட். வசனம்: போ. சோதித்தவர்: தங்கமா.

மூடிவிட்டேன். பிழை அன்று.